ஜிகியின் ஐந்தாம் விதி

அசிதான் கொனேயின் ‘ஜிகி’யில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. விமான நிலையத்துக்கு ஆள் அனுப்ப ஒன்று, வாடகை வீடு பார்க்க ஒன்று, தங்கல் அட்டைக்கு வரிசையில் நிற்க ஒன்று, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஒன்று. சாவுக்கும் ஒன்று இருந்தது, வெளிர் பச்சைத் தாளில். நிரப்பிக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் கூடாரம், நாற்பது நாற்காலி, பாய்கள், தண்ணீர், சோற்று அண்டா எல்லாம் வாசலில் வந்து இறங்கிவிடும். லிப்ரவீல் நகரத்தில் வேறு யாராலும் இதை இத்தனை சுத்தமாகச் செய்ய முடியாது. இதைத் தன் வாயால் சொல்ல அசிதான் கூச்சப்பட்டதும் இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மாலியின் பமாக்கோவிலிருந்து வங்கி வேலையில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவள் அவள். வந்த மாதமே மலேரியா வந்து ஒன்பது நாள் கட்டிலோடு கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. ஒரு வாய் கஞ்சி கொடுக்க ஆளில்லாமல் கிடந்த அந்த ஒன்பது நாளின் கோபம்தான் பிறகு ஜிகி ஆயிற்று. ஜிகி என்றால் அவர்கள் பாஷையில் நம்பிக்கை, நம்பிச் சாய்ந்துகொள்ள ஓர் இடம். ஒரு கைப்பேசியோடு ஆரம்பித்தவளுக்கு இப்போது நொம்பகேலே பேட்டையில் மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை, நான்கு பணியாளர்கள், பதினோரு நாட்டிலிருந்து பிழைக்க வந்த முந்நூறு குடும்பங்கள். சந்தா கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் உறுப்பினர் எண். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருக்கும் பொதுச் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பெயர்கூடத் தெரியாமல் இனி யாரும் காய்ச்சலில் கிடக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். பிடிவாதத்தில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

அப்படிப்பட்டவள்தான் ஐந்தாம் விதியையும் எழுதினாள்.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஸூமானா ஜாரா என்று ஒருவன், குளிர்சாதன மெக்கானிக். லசினே த்ரவோரே என்று இன்னொருவன், ஒவெண்டோ துறைமுகத்தில் எலக்ட்ரீஷியன். இரண்டு பேரும் மாலிக்காரர்கள், இரண்டு பேரும் ஜிகி உறுப்பினர்கள். ஒருநாள் லசினே ஜிகியின் வாட்ஸ்அப் குழுவில், பழைய ஃபிரிட்ஜ் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். “அடிமைக்கு எதுக்குடா ஐஸ் தண்ணி? எசமான் குடிச்சு மிச்சம் வச்சா வாங்கிக் குடி” என்று ஸூமானா பதில் போட்டான். லசினே விடுவானா? “காராமணி தின்னிப் பயலே, ராத்திரி உன் வயிறு போடற சத்தத்துல உன் பெண்டாட்டி ஜன்னல் உள்ள வீடு தேடிக்கிட்டிருக்கா, முதல்ல அதைப் பாரு” என்றான். மறுநாளே ஸூமானா ஒரு ஃபிரிட்ஜைத் தன் தோளில் சுமந்துகொண்டு போய் லசினே வீட்டில் இறக்கி, ஓட்டிக் காட்டி, கூலி வாங்காமல், வாய் ஓயாமல் வைதுவிட்டு வந்தான்.

மாலியில் இது கேலி முறை. த்ரவோரே வீட்டாருக்கு ஜாரா வீட்டாரும் கொனே வீட்டாரும் அந்த முறை ஆகவேண்டும். ஜாராவும் கொனேயும் இதில் ஒன்றேதான். எத்தனை தலைமுறைக்கு முன் யார் ஏற்படுத்தினார்களோ, முன்பின் பார்த்திராத இரண்டு பேர் பஸ்ஸில் பெயர் சொல்லிக்கொண்ட மறு நொடியே நீ அடிமை, நான் எசமான், நீ காராமணி தின்னி என்று ஆரம்பித்துவிடலாம். வைதால் கோபித்துக்கொள்ளக் கூடாது. முறைக்காரர் ஒன்றைக் கேட்டால் மறுக்கவும் கூடாது. கைகலப்பு வரை போன பங்காளிச் சண்டைகளையெல்லாம் ஒரு முறைக்காரன் வந்து நாலு வசவில் தீர்த்துவைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவான்.

ஆனால் அந்தக் குழுவில் சொலாஞ்ச் ம்பார்காவும் இருந்தாள். காமரூன்காரி, ஒரு பெரிய சுரங்க நிறுவனத்தில் பணியாளர் பிரிவு அதிகாரி. வெளிநாட்டிலிருந்து தன் நிறுவனத்துக்கு வரும் எல்லாரையும் ஜிகியிடம் ஒப்படைக்கலாமா என்று பார்ப்பதற்காகவே உறுப்பினராகச் சேர்ந்திருந்தாள். அவள் ‘அடிமை’ என்ற வார்த்தை இருந்த அந்தப் பதிவை அச்செடுத்துக்கொண்டு வந்து அசிதானின் மேஜைமேல் வைத்தாள். ஒரு மனிதனை இன்னொருவன் இப்படிக் கூப்பிடுவதை முந்நூறு குடும்பம் வேடிக்கை பார்க்கிறதா, இந்த இடத்துக்கா என் ஆட்களை அனுப்பச் சொல்கிறீர்கள் என்று மெதுவான குரலில் கேட்டாள். கேட்டதில் தப்பொன்றும் இல்லை. தெரியாதவர்களுக்கு அது அப்படித்தான் படும்.

அசிதான் ஐந்து நிமிஷம் உட்காரவைத்து விளக்கியிருந்தால் முடிந்துபோயிருக்கும். விளக்கவில்லை. வெட்கமாக இருந்தது. குளிரூட்டிய அறையில், கோட்டு போட்ட ஒரு பெண்ணுக்கு முன்னால், எங்கள் ஊரில் வைவதுதான் உறவு என்று சொல்ல நாக்கு எழவில்லை. மன்னிப்புக் கேட்டாள். அன்று மாலையே, குடும்பப் பெயரைச் சொல்லிக் கேலி செய்வது, வைவது கூடாது என்று ஐந்தாவது விதியைச் சேர்த்தாள். ஸூமானா அதற்கும் ஒரு கேலி எழுதினான். மூன்று மாதம் அவனை நீக்கிவைத்தாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வெகு ஒழுங்காக நடந்தது. எல்லோரும் வந்தார்கள், வணக்கம் சொன்னார்கள், சாப்பிட்டார்கள், இரண்டு மணிக்கெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். முன்பெல்லாம் ஆறு மணிக்குக்கூடத் துரத்தித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அசிதானுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் லசினேயின் அம்மா மாலியில், சேகுவில் இறந்துபோனாள். திங்கட்கிழமை விடிகாலையில் போனவளை அன்று மாலைத் தொழுகைக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். மகனுக்குத் தகவல் வந்தபோதே அங்கே குழி தோண்டியாகிவிட்டது. இங்கே பச்சைப் படிவம் நிரப்பப்பட்டது. கூடாரம் வந்தது, நாற்காலி வந்தது, அண்டா வந்தது. பதினோரு நாட்டுக்காரர்களும் வந்து லசினேயின் கையைப் பிடித்து, கடவுள் அவளுக்கு இரங்கட்டும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். லசினே எல்லோருக்கும் நன்றி சொன்னான். அவன் அழவில்லை. திங்கள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. செவ்வாயும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை மூன்றாம் நாள் துவா. காலை பத்து மணிக்கு அவன் மனைவி தெனின், அசிதானைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். 

“அக்கா, இவரு டிக்கெட் போட்டுட்டாரு. மத்தியானம் ரெண்டு மணி விமானம். ஏழாம் நாளுக்காவது அம்மா மண்ணைப் பார்த்தே ஆகணுமாம்.”

 லசினேயின் தங்கல் அட்டை முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. புது அட்டை வராமல் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். மறுபடி விசா வாங்க இரண்டு வருஷம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். துறைமுகத்தில் அவன் வேலைக்கு வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். தெனினும் இரண்டு பெண்களும் அவன் அட்டையை நம்பித்தான் இந்த நாட்டில் இருந்தார்கள். பெரியவளுக்கு ஜூனில் பொதுத்தேர்வு. ஒரு மனிதன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினால் நான்கு பேரின் வாழ்க்கை கவிழ்ந்துவிடும்.

உள்ளே போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சின்னப் பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அசிதான் ஒரு டைரக்டர் பேசவேண்டிய எல்லாவற்றையும் பேசினாள். சட்டம் சொன்னாள், தேர்வைச் சொன்னாள், அடக்கம் முடிந்துவிட்டதைச் சொன்னாள், அட்டை வந்தவுடன் ஜிகியே அனுப்பிவைக்கும் என்று வாக்குக் கொடுத்தாள். எல்லாமே உண்மை. லசினே கடைசிவரை மரியாதையாகக் கேட்டான். எல்லாம் தெரியும் மேடம், நீங்கள் செய்த ஏற்பாட்டுக்கு நன்றி என்றான். பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

வெளியே வந்து, நீக்கிவைத்த ஸூமானாவுக்குப் போன் போட்டாள். அவனைவிட்டால் வேறு வழி தோன்றவில்லை. அவன் போர்-ஜான்டியில் ஒரு மீன் கிடங்கில் வேலையாக இருந்தான். அங்கிருந்து திரும்பப் படகு நாளைக்குத்தான்.

“யாரு, மேடமா? நான் நீக்கப்பட்ட ஆளாச்சே. என்கிட்ட பேசினா உங்க விதிக்குத் தீட்டுப் பட்டுடாதா?”

“ஸூமானா, விளையாடாதே. லசினே ரெண்டு மணி விமானத்துல கிளம்பறான். உன்னால மட்டும்தான் நிறுத்த முடியும். போன்லயாவது பேசு.”

 அந்தப் பக்கம் அவன் மெஷினை நிறுத்துவது கேட்டது. பிறகு அவன் குரலில் கேலி இல்லை.

“அம்மா செத்தது தெரிஞ்ச அன்னிக்கே போட்டேன்க்கா. எடுக்கல. முறைக்காரன் போன்ல தடுத்தா அது தடுத்ததாகாது, நேர்ல நிக்கணும். அது உனக்கும் தெரியும். ஆமா, கேக்கறேன்னு கோச்சுக்காதே. கொனே எதுக்கு ஜாராவைத் தேடிக்கிட்டிருக்கா? உன் பேரை நீயே மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அதுதான் விஷயம். திங்கட்கிழமையிலிருந்து அந்த நினைப்பு அவளை அரித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் கொனே, அவன் த்ரவோரே. முதல் நாளே இந்த வீட்டுக்குள் வைதுகொண்டே நுழைந்திருக்க வேண்டியவள் அவள். ஆனால் கூடாரத்தில் இரண்டாவது வரிசையில் சாம்பல் நிறக் கோட்டோடு சொலாஞ்ச் உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தம் அடுத்த வாரம் கையெழுத்தாவதாக இருந்தது.

பதினொன்றரைக்கு லசினே பையோடு வெளியே வந்தான். கூடாரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? பெரிய பெண் சுவரில் சாய்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சேகுவில் தன் பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு போன நாளை அசிதான் நினைத்துக்கொண்டாள். த்ரவோரே கிழவி ஒருத்தி பாடைக்கு முன்னால் தரையில் மல்லாந்து, எனக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டு என் அடிமையை எடுத்துப் போங்கள் என்று வழியை மறித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். கேட்டதைக் கொடுத்த பிறகுதான் எழுந்தாள்.

அசிதான் செருப்பைக் கழற்றினாள். நல்ல நீலப் புபு அங்கி, இஸ்திரி மடிப்பு கலையாதது. அதோடு அப்படியே வாசற்படிக்குக் குறுக்கே தரையில் படுத்துவிட்டாள். காலையில் பெய்த மழையின் சேறு படியெல்லாம் கிடந்தது.

“டேய் த்ரவோரே. எங்கேடா கிளம்பிட்டே? எசமானியைக் கேட்டியா?”

 சொலாஞ்ச் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தெனின் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

லசினே குனிந்து பார்த்தான். “எழுந்திருங்க மேடம்.”

“மேடம் யாருடா இங்க? கொனே படுத்திருக்கேன். உன் பாட்டன், பூட்டன் எவனாவது கொனேயைத் தாண்டிப் போயிருக்கானா? போயிருந்தா சொல்லு, நகர்ந்துக்கறேன்.”

“நீங்கதான் அதை இங்க கூடாதுன்னு எழுதினீங்க. ஸூமானாவை அதுக்காகத்தான் வெளியே போட்டீங்க. ஜிகியில கொனேயும் கிடையாது த்ரவோரேயும் கிடையாதுன்னு சொன்னீங்க. நான் உறுப்பினர் எண் நாற்பத்தொண்ணு. டைரக்டர் சொன்னா நான் மறுக்கலாம்.”

அவன் குரல் உயரவில்லை. அதனாலேயே ஒவ்வொரு வார்த்தையும் உறைத்தது. அசிதானுக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பு, லசினே, என்றாள். ஒரு பெரிய இடத்துக்குப் பயந்து நம்ம வாயை நானே கட்டினேன், அந்த விதி இந்த நிமிஷத்தோடு செத்தது, ஸூமானாவின் காலைப் பிடித்துக் கூட்டிவருகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். லசினே அசையவில்லை. அவன் ஒரு காலைத் தூக்கினான். தாண்டிவிடுவான் போலத்தான் இருந்தது.

கேலி முறைக்காரருக்கு இன்னோர் உரிமையும் உண்டு. செத்தவரைப் போலப் பேசிக் காட்டலாம். அசிதான் லசினேயின் அம்மாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் குரல் தெரியும். மகன் வேலை நேரத்தில் போனை எடுப்பதில்லை என்று கிழவி வெள்ளிக்கிழமைதோறும் ஜிகி எண்ணுக்கே குரல் பதிவு அனுப்புவாள். உறுப்பினர் நலமாக உள்ளார் என்று அலுவலகத்திலிருந்து ஒரே பதில் போகும். அதை அனுப்பிய பிறகும் அசிதான் அந்தப் பதிவை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்பாள். சேற்றில் கிடந்தபடியே அவள் தொண்டையைச் செருமினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் கிழவி அப்படித்தான் செருமுவாள்.

“க்ஹும். ஜிகி அம்மா, நான் லசினேயோட அம்மா பேசறேன். க்ஹும். அந்த ஊர்ல மழை ஜாஸ்தியாமே, குடை வச்சிருக்கானா? க்ஹும். நல்லா சாப்பிடறானா? சின்னதுலேர்ந்தே கோவம் வந்தா சோத்து மேலதான் காட்டுவான். அவன் தட்டை யாராவது கொஞ்சம் பாத்துக்கங்க.”

தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு மெல்லத் தரையில் இறங்கியது. லசினே பையின் மேலேயே உட்கார்ந்தான். மூன்று நாளாக வராத அழுகை வந்தது. முகத்தை மூடிக்கொள்ளாமல், வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அசிதான் எழுந்திருக்கவில்லை. கிடந்தபடியே கையை மட்டும் நீட்டினாள்.

“பாஸ்போர்ட்டைக் கொடு. எனக்குச் சேரவேண்டியது அதுதான். அட்டை வர்ற அன்னிக்குத் தரேன்.”

“அட்டை வரலைன்னா?” என்று அழுகைக்கு நடுவே கேட்டான்.

“வர்ற வரைக்கும் அந்த ஆபீஸ் வாசல்ல போய்ப் படுக்கறேன். இப்பத்தான் பழகிடுச்சே.”

அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தான். முறைக்காரி கேட்டதை மறுக்க அவனால் முடியவில்லை. முடிந்திருந்தாலும் மறுத்திருக்கமாட்டேன் என்று பிறகு தெனினிடம் சொன்னானாம்.

அதன்பின் அண்டா திறந்தது. கடலைக் குழம்பும் சோறும் ஒரு பெரிய தட்டில் வந்தன. லசினே முதல் உருண்டையை எடுத்தான். அசிதான் சேறு அப்பிய அங்கியோடு எதிரே உட்கார்ந்து, இத்தனை மெதுவாகத் தின்னும் அடிமையைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள் என்று வைதுகொண்டே இருந்தாள். அவனும் நிமிராமலே திருப்பிக் கொடுத்தான். நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாய்க்கு இறங்கினார்கள். ஒப்பந்தம் போயே போய்விட்டது என்று அசிதானுக்குத் தோன்றியது. அதைப் பற்றிக் கவலையே படவில்லை என்று சொன்னால் அது பொய். கவலைப்பட்டாள். ஆனாலும் தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

சொலாஞ்ச் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து பாயின் ஓரத்தில் நின்றாள்.

“அந்தத் தாளை எடுத்துக்கிட்டு வந்த அன்னிக்கு நீங்க இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்” என்றாள் அசிதானிடம்.

“சொல்லியிருக்கணும். வெட்கப்பட்டேன்.”

சொலாஞ்ச் தலையாட்டினாள்.  அவள் இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷம். அவள் அப்பா போன வருஷம் யாவுண்டேயில் இறந்தார். நான்கு நாள் விடுப்புக்குப் பிறகு அதே மேஜையில் வந்து உட்கார்ந்தாள் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. அவளே அப்போது அதைச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“எங்க ஊர்ல இப்படி வாசல்ல வந்து படுக்கிற முறை இல்லை. இங்க எனக்கு ஒண்ணு ஆனா, என் வாசல்ல வந்து படுக்க யார் இருக்கா?”

  பதினோரு நாட்டுக்கு ஏற்பாடு செய்கிறவளிடம் இதற்கு ஏற்பாடு இல்லை.

லசினே கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“உன் குடும்பப் பேரு என்ன?”

“ம்பார்கா.”

“அது அங்க. இங்க இன்னிலேர்ந்து நீ ஜாரா. எங்க அம்மா வாசல்ல எந்த ஊர்க்காரங்க வந்து நின்னாலும் முதல்ல ஒரு பேரு வச்சிட்டுத்தான் தண்ணி கொடுப்பா. உட்காரு.”

அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. சொலாஞ்ச் உட்கார்ந்தாள். வேலைக்கு மனுப் போட்டவரின் காகிதத்தைச் சரிபார்க்கிற முகத்தோடு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பேரு வச்சா கடா வெட்டணும். நான் மாலிக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கேன், எனக்குத் தெரியும். என் கடா எங்கே?”

“சந்தேகமே இல்லை, இவ ஜாராதான்” என்றான் லசினே கூட்டத்தைப் பார்த்து. “வந்து உட்கார்றதுக்குள்ள திங்கக் கேக்குறா.”

பாய் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். பாதிச் சிரிப்பிலேயே மறுபடி அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் அவனைத் தேற்ற அவசரப்படவில்லை. சொலாஞ்ச் அவன் முதுகில் கையை வைத்தபடி, கடா பெரியதாக இருக்கவேண்டும் என்று முணுமுணுத்தாள். மூன்று நாளாக வந்தவர்களுக்கெல்லாம் நின்றுகொண்டே பரிமாறியிருந்த தெனின், கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அதே தட்டில் கை வைத்தாள்.